பாரம் சுமக்கும் பிக்கப்பும் பின்பக்க வில்லுத்தகடுகளும்

குடியிருப்பது ஓரிடம், குத்தகைக்கு வயல் செய்வது இன்னோரிடம், நெல் விற்பது மூன்றாமிடம். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் வாழ்க்கை பல இடங்களில் இப்படித்தான் அமைந்துவிட்டது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கடன்பட்டு ஒரு பழைய பிக்கப் வாங்கினால் அது காலையில் பசளையும் விதைநெல்லும் ஏற்றும், மத்தியானம் தண்ணீர்த் தாங்கி சுமக்கும், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும். இத்தகைய வாகனத்தில் முதலிற் களைத்துப்போகும் உறுப்பு பின்சில்லுகளுக்கு மேலே கிடக்கும் வில்லுத்தகடுகள். கராஜ்காரர் இவற்றை ஸ்பிரிங் பிளேட் என்பார்கள்.

தகடு தொய்ந்துவிட்டது என்று கராஜுக்குப் போனால் அநேகமாக ஒரே மருந்துதான் சொல்லப்படும்: “இன்னும் இரண்டு பிளேட் கூடப் போடுவோம்.” சில வேளைகளில் அது சரியான மருந்து. பல வேளைகளில் பணத்தைச் செலவழித்து வாகனத்தின் வேறோர் உறுப்பை உடைக்கும் வழி. எது எப்போது சரி என்பதை வாகனத்தின் சொந்தக்காரர் தாமே கணக்கிட்டு அறியலாம். அதற்கு ஓர் அளவுநாடாவும் சில நெல்மூடைகளும் போதும்.

ரொயோட்டா ஹைலக்ஸ், மிற்சுபிஷி எல் 200 போன்ற பெரும்பாலான பிக்கப்புகளில் பின்பக்கம் இருபுறமும் ஒவ்வொரு தகட்டுக் கட்டு உண்டு. மேலே கிடக்கும் நீளமான தகடு மெயின் பிளேட். அதன் இரு நுனிகளும் கண்போல வளைக்கப்பட்டிருக்கும். முன்கண் செஸியில் அசையாதபடி பூட்டப்பட்டிருக்கும். பின்கண் ஆடக்கூடிய ஒரு சிறிய இணைப்பிலே தொங்கும். இதைச் சக்கிள் என்பர். பாரம் ஏறும்போது வளைவு நிமிர்ந்து தகடு நீள்வதால் பின்கண்ணுக்கு அசைய இடம் வேண்டும். மெயின் பிளேட்டின் கீழே படிப்படியாகக் குறுகிய தகடுகள், எல்லாவற்றுக்கும் அடியில் அநேகமாக வளைவில்லாத தடித்த ஒரு தகடு. அந்த அடித்தகடு வெறும் வாகனத்தில் சும்மா கிடக்கும். பாரம் ஏறி மேற்தகடுகள் நிமிர்ந்து வந்து தொடும்போதுதான் வேலை செய்யத் தொடங்கும். இந்த ஏற்பாட்டின் அருமையைப் பின்னர் பார்ப்போம்.

தகட்டின் விறைப்பு தடிப்போடு மூன்றுமடிப் பெருக்கமாகக் கூடுகிறது. அதாவது தடிப்பை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். 7 மில்லிமீற்றர் தகட்டுக்குப் பதிலாக அதே நீள அகலமுள்ள 8 மில்லிமீற்றர் தகட்டைப் போட்டால் விறைப்பு ஏறக்குறைய அரைப்பங்கு கூடிவிடும். “ஒரு மில்லிமீற்றர்தானே” என்று சொல்லி லொறித் தகட்டை வெட்டிப் போடுபவர்கள் இதை அறிந்து செய்வதில்லை. தகடுகளின் எண்ணிக்கை அப்படியல்ல. ஒரே தடிப்புள்ள நான்கு தகட்டுக் கட்டில் ஐந்தாவதைச் சேர்த்தால் விறைப்பு சுமார் காற்பங்கு கூடும். சேர்ப்பது குறுகிய தகடானால் அதிலும் குறைவு.

முதலில் பாரத்தை அறியுங்கள்

ஒரு நெல்மூடை 65 கிலோ என்று வைத்துக்கொண்டால் 14 மூடை 910 கிலோ. சாரதியும் கூட ஒருவரும் ஏறினால் ஏறக்குறைய ஒரு தொன். ஒரு தொன் பிக்கப் என்று நாம் சொல்லும் வாகனத்தின் எல்லை அதுதான். ஆட்களின் நிறையும் அந்தத் தொன்னுக்குள்ளேயே அடக்கம். தண்ணீர் ஏமாற்றும் பாரம். 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1,000 கிலோ. அதற்கு மேல் ஒரு பிள்ளையையும் ஏற்றக் கூடாது. அரைத் தாங்கித் தண்ணீர் நிறையிற் குறைந்தாலும் வளைவுகளில் அலைந்து வாகனத்தைச் சாய்க்கும். மணல் இன்னும் மோசம். ஒரு கியூப் மணலில் காற்பங்கை ஏற்றினாலே ஒரு தொன்னைத் தாண்டிவிடும். பெட்டி பாதிகூட நிறையாததால் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் இடையே 3 மீற்றர் உள்ள வாகனத்தில் பின் அக்சிலுக்கு 30 சென்ரிமீற்றர் முன்னே மையமாக 1,000 கிலோ வைத்தால் 900 கிலோவைப் பின்தகடுகளும் 100 கிலோவை முன்பக்கமும் தாங்கும். அதே வாகனத்தில் கதவைத் திறந்துவிட்டு அக்சிலுக்கு ஒரு மீற்றர் பின்னே 300 கிலோ மரம் தொங்கினால் பின்தகடுகளில் 400 கிலோ விழும், முன்சில்லுகளில் இருந்து 100 கிலோ கிளம்பும். ஸ்டியரிங் இலேசாகி, ஈரக் களியில் வாகனம் சொன்னபடி திரும்பாது. ஆகவே பாரமானவற்றை முன்னே, சாரதியின் அறைச் சுவரோடு அணைத்து அடுக்குங்கள். இதற்குச் செலவேயில்லை.

அளந்து பாருங்கள்

சமதரையில் வெறும் வாகனத்தை நிறுத்தி, பின்சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை இருபுறமும் அளந்து எழுதுங்கள். அக்சிலுக்கு மேலே செஸியின் அடியில் ஓர் இறப்பர்க் கட்டை இருக்கும். அக்சிலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியையும் அளவுங்கள். பின்னர் பத்து மூடையை அக்சிலுக்கு நேர் மேலே அடுக்கி மீண்டும் அளவுங்கள்.

ஓர் உதாரணம். 650 கிலோ ஏற்றியபோது வாகனம் 9 சென்ரிமீற்றர் இறங்கியது. ஒரு பக்கத் தகட்டுக்கு 325 கிலோ. ஆக ஒரு சென்ரிமீற்றருக்கு 36 கிலோ. இறப்பர்க் கட்டைக்கு வெறும் வாகனத்தில் 12 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தது என்போம். 14 மூடையை அதே இடத்தில் ஏற்றினால் ஒரு பக்கத்துக்கு 455 கிலோ, 12.6 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். அப்படியானால் வாகனம் நின்ற நிலையிலேயே அக்சில் கட்டையில் முட்டிவிடும். கிடங்கில் விழும் ஒவ்வோர் அடியும் நேரே செஸிக்குப் போகும்.

இனித் தெரிவு. ஒரு சென்ரிமீற்றருக்கு 50 கிலோ தாங்குவதும் 2.5 சென்ரிமீற்றர் கூடுதலான உயரம் தருவதுமான கட்டைப் பூட்டினால் அதே 14 மூடைக்கு 9 சென்ரிமீற்றர்தான் இறங்கும், கட்டைக்கு 5 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி மிஞ்சும். முழுப் பாரத்தில் தகடு கிட்டத்தட்ட நேராகி, இன்னும் சிறிது மேல்நோக்கிய வளைவோடு நிற்பதே நல்ல அடையாளம். பாரம் ஏற்றிய பின்னும் வில்லாக வளைந்தே நிற்கும் தகடு உங்கள் பாரத்துக்கு மிதமிஞ்சியது.

தொய்ந்த தகடு மென்மையாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அதன் விறைப்பு ஏறக்குறைய முன்போலவே இருக்கும். போனது வளைவின் உயரமே. ஆகவே வாங்கிய காலத்தில் உங்கள் பாரத்தை நன்றாகச் சுமந்த வாகனம் இன்று குந்தியிருந்தால் வேண்டியது கூடுதல் தகடு அல்ல, அதே அளவான புதுக் கட்டு.

எல்லாம் விறைப்பாகப் போட்டால் என்ன?

கூலிக்கு ஓடும் சிலர் லொறித் தகடு போட்டுப் பெருமையாகச் சொல்வார்கள். அவர்களுடைய வாகனம் பாரத்தோடு போகும். வெறுமனே திரும்பி வரும்போது பாருங்கள். அலையலையாகக் கிடக்கும் கிரவல் வீதியில் பின்பக்கம் துள்ளும். துள்ளும் சில்லு நிலத்தைப் பிடிக்காது, பிரேக் போட்டால் வழுக்கும். அடியைத் தகடு வாங்காதபோது செஸி வாங்குகிறது. தகட்டின் தாங்கிகள் ஒட்டியிருக்கும் இடங்களில் வெடிப்பு தொடங்கும். பின்னால் இருந்து வரும் கர்ப்பிணித் தாய்க்கும் முதியவருக்கும் என்ன பாடு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வயற்பாதையில் இன்னொரு கஷ்டம். வரம்பையோ வாய்க்காலையோ குறுக்கே கடக்கும்போது ஒரு சில்லு இறங்கவும் மற்றது ஏறவும் தகடு இடங்கொடுக்க வேண்டும். விறைத்த தகடு கொடுக்காது. ஒரு சில்லு அந்தரத்தில் கிளம்பும். சாதாரண டிபரன்ஷியல் உள்ள வாகனத்தில் அந்தரத்தில் நிற்கும் சில்லே சுழலும். நிலத்தில் நிற்பது சும்மா இருக்கும். காலபோக அறுவடை நேரத்தில் மழை விட்டும் விடாமலும் இருக்கும் களிப்பாதையில் இதன் பொருள் உங்களுக்குத் தெரியும்.

மெக்கானிக்குகளும் அடிக்கடி மறக்கும் ஒரு விடயம் பிரேக். பல பிக்கப்புகளில் பின் அக்சிலையும் செஸியில் உள்ள ஒரு பிரேக் வால்வையும் மெல்லிய கம்பியொன்று இணைக்கும். வாகனம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு பாரத்தை ஊகித்து, பின்பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடுவது என்பதை அந்த வால்வு தீர்மானிக்கும். விறைப்பான, உயரமான தகடு போட்டபின் பாரம் ஏறினாலும் வாகனம் அதிகம் இறங்காது. வால்வு பெட்டி வெறுமை என்று எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். ஆகவே தகடு மாற்றினால் அந்தக் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு தொன் பாரத்தை முன்பிரேக் மட்டும் நிறுத்த வேண்டிவரும்.

எனது ஆலோசனை இது: நாளாந்தம் ஏற்றும் பாரத்துக்குத் தகடு தெரியுங்கள், வருடத்தில் பத்து நாள் ஏற்றும் பாரத்துக்கு அல்ல. தண்ணீர்த் தாங்கி நிரந்தரமாகவே பெட்டியில் இருந்தால் விறைப்பான கட்டு நியாயம். வழக்கமாக 300, 400 கிலோவும் அறுவடைக்கு மட்டும் ஒரு தொன்னும் என்றால், மேற்தகடுகள் மென்மையாகவும் அடித்தகடு தடிப்பாகவும் உள்ள கட்டே உகந்தது. பாரம் ஏறும்போது மட்டும் அது விறைக்கும். அதற்கும் மேலே ஏற்றுவதானால் இரண்டு நடை போவது மலிவு. தகடு எவ்வளவு விறைத்தாலும் அக்சிலும் பெயரிங்கும் டயரும் பழையவையே. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் 112 என்று இருந்தால் ஒரு டயருக்கு 1,120 கிலோ, 104 என்றால் 900 கிலோ. பின்பக்கத்தின் சொந்த நிறையும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

நடுவில் தடித்து நுனிகளில் மெலிந்த ஒன்றிரண்டு தகடுகள் மட்டுமுள்ள புதுவகைக் கட்டுகளும் உண்டு. ஓட்டத்துக்குச் சொகுசு, நிறையும் குறைவு. ஆனால் ஒன்று உடைந்தால் கிராமத்தில் அதற்கு இணை கிடையாது. நான் பழைய பலதகட்டு வகையையே விரும்புவேன். வாங்கும்போது இரண்டாம் தகட்டின் நுனி மெயின் பிளேட்டின் கண்ணை அரைவாசியாவது சுற்றி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மெயின் பிளேட் கண்ணடியில் உடைந்தாலும் அக்சில் கழன்று போகாமல் அது பிடித்துக்கொள்ளும்.

கொல்லர் பட்டறையும் பழைய தகடும்

வீட்டுக் கத்திகளிற் பல பழைய லொறித் தகட்டில் அடித்தவையே. அதனால் கொல்லரே தகட்டுக்கும் வளைவு கொடுக்கலாம் என்று எண்ணத் தோன்றும். தகட்டு உருக்கைச் சுமார் 850 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் 450 முதல் 500 பாகை வரை சூடுகாட்டிப் பதப்படுத்துவார்கள். உலையிற் சிவக்கக் காய்ச்சி அடித்து ஆறவிட்டால் அந்தப் பதம் போய்விடும்; வளைவு சில வாரங்களில் மீண்டும் தொய்யும். சூடாக்காமல் குளிர்ந்த நிலையில் வளைத்துக் கொடுப்பது ஓரளவு தாங்கும். வெல்டிங் ஒருபோதும் கூடாது. ஒட்டிய இடத்தின் ஓரத்திலேயே அது உடையும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிவரும் பழைய கட்டுகளில் நல்லவையும் உண்டு. துருவைத் தேய்த்து, நடு ஓட்டையைச் சுற்றியும் கண்ணடியிலும் மயிரிழை வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்திற் பாருங்கள். இரு கட்டையும் தரையில் பக்கத்துக்குப் பக்கம் வைத்து வளைவை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது சிக்கனமாகத் தெரியும், ஆனால் வாகனம் சாய்ந்தே ஓடும்.

அக்சிலுக்கும் தகட்டுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவது வாகனத்தை உயரமாக்கும், பலமாக்காது.

பூட்டும்போது புது யூ போல்டுகள் போடுங்கள். ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டிருக்கும். இவை தளர்ந்தால் தகடுகளை நடுவில் கோர்க்கும் சிறிய போல்ட் அறுந்து, அக்சில் ஒருபக்கம் பின்வாங்கி, வாகனம் நண்டுபோல ஓடும். முதற் பாரம் ஏற்றி இறக்கிய பின்னும், 500 கிலோமீற்றர் அளவில் மீண்டும் ஒருமுறையும் இறுக்க வேண்டும். கண்ணிலுள்ள இறப்பர் புஷ்களுக்கு ஒயில் பூச வேண்டாம். அது இறப்பரைத் தின்னும்.

வழியிலே தகடு உடைந்தால் முதலில் ஆட்களை இறக்குங்கள். உடைந்தது கீழ்த்தகடு என்றால் பாரத்தில் பாதியை இறக்கி வைத்துவிட்டு, மிதிவண்டி வேகத்தில் வீடு சேரலாம். உடைந்தது மெயின் பிளேட்டும் அதன் முன்கண்ணும் என்றால் நகர வேண்டாம். அக்சிலை இடத்தில் வைத்திருப்பது அந்தக் கண்ணே. வேறு வழியேயில்லாமல் வாகனத்தை வீதியிலிருந்து ஒதுக்கத்தான் வேண்டுமென்றால், எல்லாப் பாரத்தையும் இறக்கி, அக்சிலுக்கும் செஸிக்கும் இடையே பாலைமரக் கட்டையொன்றைச் செருகிக் கயிற்றால் இறுகக் கட்டி, அக்சிலை முன்பக்கத் தாங்கியோடு சங்கிலியால் பிணைத்து, ஓரம் சேரும் வரை மட்டும் மெதுவாக உருட்டுங்கள்.