பில் போடும் கம்ப்யூட்டரும் கேமராவும் ஒரே வலையில் வேண்டாம்



நம் பெருமாநல்லூர் மளிகைக் கடைகளிலும் இன்று கல்லாவில் கம்ப்யூட்டர், குடோனில் இன்னொன்று, கணக்கு எழுத டாலி, சுவரில் கேமரா, வாடிக்கையாளருக்கு வை-ஃபை என்று வந்துவிட்டன. வேலைக்கு வருபவர் இவை அனைத்தையும் பெரும்பாலும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டுப் போகிறார். சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னை வைக்க நாம் சம்மதிப்போமா?

அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெரிய சில்லறை வணிக நிறுவனம் 2013 நவம்பர், டிசம்பரில் சுமார் 4 கோடி வங்கிக் கார்டுகளின் விவரங்களைப் பறிகொடுத்தது. திருடர்கள் கல்லா வழியாக நுழையவில்லை. குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைத் திருடி வலைக்குள் வந்து, பில் இயந்திரங்கள் வரை போனார்கள். முக்கியமான பகுதிகளைச் சரியாகப் பிரித்து வைக்கவில்லை என்று 2014-இல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை குறை கூறியது. நம் கடை சிறியதுதான். ஆனால் டாலி கணக்கு போனால் பாக்கிக் கணக்கும் போச்சு.

இப்படிப் பிரிப்பதற்குப் பெயர் சப்நெட். நம் ஊர் பின்கோடு 641666. முதல் மூன்று இலக்கம் கோவைப் பகுதியைக் காட்டும். கடைசி மூன்றும் நம் அஞ்சலகத்தைக் காட்டும். கம்ப்யூட்டர் எண்ணும் அப்படித்தான். 192.168.1.20 என்றால் 192.168.1 என்பது தெரு, 20 என்பது கதவு எண். தெரு எதுவரை, கதவு எண் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது மாஸ்க் என்ற இன்னொரு எண். 255.255.255.0 என்று போட்டால் 256 எண்களும் ஒரே தெரு. கடைசி எண்ணை 192 ஆக்கினால் நான்கு தெரு. 0 முதல் 63 வரை பில்லும் கணக்கும், 64 முதல் 127 வரை குடோன், 128 முதல் 191 வரை கேமரா, மீதி வாடிக்கையாளர் வை-ஃபை என்று வைக்கலாம். ஒவ்வொன்றிலும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் கருவிகளுக்கு ஆகாது, 62 மிஞ்சும். நமக்கு அது தாராளம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “நம்பர் மாத்திட்டேனுங்க, அவ்வளவுதானுங்க” என்று சொல்லிக் கூலி வாங்கிப் போவார்கள். தெருப் பெயரை மாற்றினால் சுவர் எழும்பாது. சாதாரண ஸ்விட்சில் எல்லாம் சேர்ந்திருந்தால், கம்ப்யூட்டர் தெரிந்த எவரும் தன் எண்ணைக் கையால் மாற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குள் போய்விடலாம். வி-லேன் பிரிக்கக்கூடிய ஸ்விட்ச் வேண்டும். விலை சற்றுக் கூடுதல்தான். தெருக்களுக்கு நடுவே ரௌட்டரில் வாசல் விதியும் எழுத வேண்டும். முதலாளியின் கம்ப்யூட்டரிலிருந்து கேமராவைப் பார்க்கலாம். கேமரா தெருவிலிருந்து பில் தெருவுக்கு வரக்கூடாது. வை-ஃபைக்காரருக்கு இன்டர்நெட் மட்டும்.

பணம் கொடுக்குமுன் நாமே சோதிக்கலாம். வாடிக்கையாளர் வை-ஃபையில் நம் செல்போனை இணைத்து, கேமரா பெட்டியின் எண்ணை அடித்துப் பாருங்கள். திறந்தால் வேலை முடியவில்லை.

பில் கம்ப்யூட்டரிலேயே யாராவது கெட்ட பென்டிரைவைச் செருகினால் இந்தச் சுவர் அந்தக் கம்ப்யூட்டரைக் காப்பாற்றாது. ஆகவே தினமும் டாலி நகலைத் தனி டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். எந்தத் தெருவில் எந்த எண் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கல்லாப் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை வேறு ஆள் வந்தால் அது தேவைப்படும்.