தாயைப் பார், காலைப் பார்!

மாடு வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் சுழியைப் பார்க்கிறார்கள், பிறகு கொம்பை, அப்புறம் மடியை. அனுபவசாலியோ மாட்டைப் பத்தடி நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "இதன் தாய் எத்தனை ஈற்று ஈன்றது?" என்று கேட்பார். நமது மாகறலைப் போன்ற செய்யாற்றங்கரைக் கிராமங்களில் அந்தக் கேள்வி இப்போது அருகி வருகிறது.

அதில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. நாட்டுப் பசு முதற் கன்று ஈன ஏறக்குறைய 3½ வயதாகிறது. அதுவரை இட்ட தீனியெல்லாம் கடன். பிறகு 15 மாதத்துக்கு ஒரு கன்று வீதம் ஈன்றால், 15-ஆம் வயதில் அது பத்துக் கன்றுகளுக்குத் தாய். கால் தளர்ந்து மூன்றாம் ஈற்றிலேயே ஓய்ந்துவிடும் பசுவோ கடனைத் தீர்க்காமலே போகிறது.

பழைய சென்னை மாகாணத்து ஒங்கோல் மாடுகளின் சரித்திரம் இதற்கு நல்ல உதாரணம். கடல் கடந்து பிரேஸில் சென்ற அவற்றுக்கு, நெல்லூரின் பெயரால் 'நெலோர்' என்று பெயர் வழங்கிற்று. 1960-களில் சென்ற 'கர்வாடி' என்ற காளையின் வம்சம் அங்கே பல்கிப் பெருகியது. 2023-இல் ஒரு நெலோர்ப் பசு 40 லட்சம் டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்டது! பிரேஸில்காரர் இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். நமது நோக்கம் வேறு. ஆயினும், வெயில் தாங்கி, நெடுந்தூரம் நடந்து மேய்ந்து, துணையின்றிக் கன்று ஈனும் அந்தத் தேகக்கட்டு இங்கிருந்து சென்றதே.

அந்தக் கட்டு எப்படி உண்டாயிற்று? ஏரும் வண்டியுமே பரீட்சை நடத்தின. கால் வலுவில்லாத காளை அதில் தேறவில்லை. இன்று டிராக்டர் வந்துவிட்டது, பரீட்சை நின்றுவிட்டது. சினை ஊசி போடும்போது பாலின் அளவை விசாரிக்கிறோமே தவிர, காளையின் தாய் எத்தனை வருஷம் உழைத்தது என்று விசாரிப்பதில்லை.

ஆகவே நமது கண்தான் இனிப் பரீட்சகர். பின்னங்கால் தூணைப்போல் நேராகவும் கூடாது. அரிவாளைப்போல் வளைந்தும் கூடாது. குளம்பின் இரு பிளவும் ஒத்திருக்கவேண்டும். காம்பு மிகப் பருத்திருந்தால் பிறந்த கன்றால் பற்றிக் குடிக்க இயலாது. இவற்றோடு இன்னொரு காரியமும் உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைகள், பசு ஈன்ற தேதிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரட்டும். பத்து வருஷம் கழித்து, எந்தத் தாயின் கன்றை நிறுத்திக்கொள்வது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.