கல்வராயன் என்னும் தீவு

தீவு உயிரினங்களைப் படிக்க நம் கல்லூரி விலங்கியல் மாணவர்கள் மண்டபம் போய், குருசடைத் தீவுக்குப் படகு ஏறுவது வழக்கம். கள்ளக்குறிச்சி மாணவர்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டியதில்லை. கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலைக்கு ஏறினாலே ஒரு தீவு கிடைக்கும்.

ஓர் உயிரால் கடக்க முடியாத நிலம் எதுவானாலும் அதற்கு அது கடல்தான். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எனக் கிழக்குத் தொடர்ச்சி மலை இங்கே துண்டு துண்டாகக் கிடக்கிறது. கல்வராயனையும் பச்சைமலையையும் ஆத்தூர்க் கணவாய் பிரிக்கிறது. வயலும் நெடுஞ்சாலையுமான அந்தத் தாழ்நிலத்தைக் கழுகு சில நிமிடங்களில் தாண்டிவிடும். நிழற்பாறையை விட்டு நகராத பகல் பல்லி என்ன செய்யும்?

நீமாஸ்பிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது பகல் பல்லி. இரவில் இரை தேடும் வீட்டுப் பல்லியின் கண்மணி செங்குத்துக் கீற்றாக இருக்கும். பகலில் வேட்டையாடும் இதற்கோ வட்டம். வீட்டுப் பல்லிக்குள்ள அகன்ற விரல் பட்டைகளும் கிடையாது. மெலிந்த விரல்களின் நகத்தால் பாறையைப் பற்றிக்கொள்ளும். வாலை விட்டுவிட்டால் சுமார் 4 செ.மீ. நீளம். பாறையின் நிறத்திலேயே இருப்பதால் அசையும்வரை கண்ணுக்குத் தெரியாது.

ஏற்காட்டிலிருந்து ஒன்று, வேலூரிலிருந்து ஒன்று என இரண்டு பகல் பல்லிகளைப் புதிய இனங்களாக இந்திரனீல் தாஸும் ஆரன் பாவரும் 2000இல் விவரித்தார்கள். 2019இல் வீட்டுப் பல்லிப் பேரினத்தில் கொல்லிமலையின் பெயரிலேயே ஓர் இனம் சேர்ந்தது. மலைக்கு மலை இனம் மாறுவதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகம் காட்டும்? ஆண் பல்லியின் தொடையடித் துளைகளை எண்ணியும், செதில்களை ஒப்பிட்டும், மரபணுவைப் படித்தும் இனம் பிரிக்கிறார்கள்.

பெரிய தீவில் இனங்கள் மிகும், ஒதுங்கிய தீவில் குறையும் என்று மெக்ஆர்தரும் வில்சனும் 1967இல் எழுதிய நூலை வகுப்பில் படிக்கிறோம். அதைச் சோதித்துப் பார்க்க வாசலிலேயே மலை நிற்கிறது. வனத்துறை அனுமதியோடு, எந்தப் பாறை கோடையிலும் ஈரம் காக்கும் என்றறிந்த மலையாளிப் பழங்குடியினரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும். பல்லியைப் பிடிக்காமல் கண்ணையும் விரலையும் படமெடுத்து, உயரம், நிழல், ஈரம் மூன்றையும் குறித்தாலே நல்ல தரவு. புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே வைப்பது முக்கியம். இடுக்கில் ஒட்டிய முட்டைகள் இருக்கலாம். அடுத்த ஆண்டு அதே குறிப்பேட்டோடு பச்சைமலைக்குப் போனால் ஒப்பிடுவதற்கு இரண்டாவது தீவும் கையில் இருக்கும்.