குளோரின் கொட்டியும் போகாத பாசி

ஈப்போ வெயிலுக்கும் மாலை மழைக்கும் வீட்டு நீச்சல் குளத்தில் பாசி சீக்கிரம் பிடிக்கும். குளோரின் கொட்டியும் பச்சை போகவில்லையா? முதலில் பிஎச் அளவைப் பாருங்கள். அது 7.5 என்றால் குளோரினில் ஏறக்குறையப் பாதி பாசியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 8.5-க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்குதான். பம்பு ஓடும்போது ஆசிட்டைச் சிறிது சிறிதாக ஊற்றி 7.2-க்கு இறக்குங்கள். சுவரையும் ஓட்டு இடுக்குகளையும் பிரஷால் அழுத்தித் தேய்த்து, சில மணி நேரம் விட்டு, பொழுது சாய்ந்ததும் குளோரின் போடுங்கள். பகல் வெயில் அதைச் சிதைத்துவிடும்.

ரப்பர் பாலை உறைய வைத்த தோட்டத்து மக்களுக்கு ஆசிட்டின் குணம் தெரியும். ஆனால் அது குளோரினோடு நேராகக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டுக்கும் ஒரே வாளி கூடாது.

செத்த பாசியால் நீர் கலங்கும். அடித்தரை தெளியும்வரை ஃபில்டர் ஓடட்டும். அதுவரை பிள்ளைகளை இறக்காதீர்கள். கலங்கிய நீரில் மூழ்கும் பிள்ளை கண்ணில் படாது.