ஏழு பேர் போதும்

கடம்பூர் என்றால் போளி. ரயில் நிற்கிற சில நிமிடத்துக்குள் ஜன்னலோரம் கைக்கு வந்துவிடும் அந்தப் போளியால்தான் தென்மாவட்டக்காரர்களுக்கு அந்த ஊர் பழக்கம். 2022 பிப்ரவரியில் மட்டும் அந்தப் பெயர் வேறொரு காரணத்துக்காகப் பேப்பரில் வந்தது. அப்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள். பிப்ரவரி 19-ஆம் தேதி தேர்தல் நடந்தது 489-இல். விடுபட்ட ஒன்று, கயத்தாறுக்குப் பக்கத்திலிருக்கும் இந்தக் கடம்பூர்.

வேட்புமனு பரிசீலனையில், முன்மொழிந்தவர்களின் கையெழுத்து பற்றிக் கிளம்பிய தகராறில் மூன்று வார்டுகளில் மனுக்கள் தள்ளுபடியாகின. எதிரே நின்றவர்கள் போட்டியில்லாமலே மெம்பராகிவிடும் நிலை. முறைகேடு என்று புகார் எழுந்தது. மாநிலத் தேர்தல் ஆணையம் 12 வார்டுக்கும் சேர்த்துத் தேர்தலை ரத்து செய்தது.

ஒரு வார்டு மெம்பர் பதவிக்கா இத்தனை என்று தோன்றலாம். பேரூராட்சி வார்டுக்கு அந்தத் தேர்தலில் டெபாசிட் 1,000 ரூபாய்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 500. செலவு உச்சவரம்பு 17,000. ஜெயித்தவருக்கு 2023 ஜூலை முதல் மதிப்பூதியம் மாதம் 2,500. இந்தக் கணக்கைப் பார்த்து யாரும் தேர்தலில் நிற்பதில்லை. காரணம் வேறு. பேரூராட்சித் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மெம்பர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பன்னிரண்டு வார்டு உள்ள ஊரில் ஏழு பேர் கையில் இருந்தால் தலைவர் நாற்காலி உங்களுடையது. மூன்று பேர் போட்டியில்லாமல் வந்துவிட்டால் நான்கு பேரைத் தேடினால் போதும். கடம்பூரில் கையெழுத்துகளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு வந்தது என்பது இப்போது புரியும்.

இந்த மறைமுகத் தேர்தல் எப்போதும் இருந்ததல்ல. 1996-இலும் 2001-இலும் தலைவருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-இல் மறைமுகம். 2011-இல் மறுபடி நேரடி. 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் தத்தமக்குத் தோதான நேரத்தில் மாற்றிக்கொண்டன. ஊரை ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. அதன் பலனை, மெம்பர்கள் தலைவர்களைத் தேர்ந்தெடுத்த 2022 மார்ச் 4 அன்று பார்த்தோம். கூட்டணிக் கட்சிகளுக்கு என்று தலைமை ஒதுக்கிய பதவிகளில் தி.மு.க. மெம்பர்களே போட்டியிட்டு ஜெயித்தார்கள். முதலமைச்சர் ஸ்டாலின் வெளிப்படையாக வருந்தி, அவர்களை ராஜினாமா செய்யச் சொல்ல வேண்டியதாயிற்று. சட்டம் அவர்கள் பக்கம். மறைவில் போடுகிற ஓட்டு யாருக்கு என்று எந்தத் தலைமையும் எட்டிப் பார்க்க முடியாது.

2022 பிப்ரவரி மெம்பர் தேர்தலில் மாநிலம் முழுக்க 218 பேர் போட்டியில்லாமல் வந்தார்கள். அவர்களில் 196 பேர் பேரூராட்சிக்காரர்கள். ஊர் ஒற்றுமை என்று இதற்குப் பெயர் வைப்பார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்கென்னவோ, எதிர்த்து நிற்க ஒரு ஆள்கூட இல்லாத வார்டைப் பார்த்தால் ஒற்றுமையைவிட முந்தி சந்தேகம்தான் வருகிறது.

நிற்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை. 21 வயது ஆகியிருக்க வேண்டும். அந்தப் பேரூராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிகிறவர் நீங்கள் நிற்கிற வார்டுக்காரராக இருக்க வேண்டும். பேரூராட்சிக்கு வரிப் பாக்கி கூடாது; அதன் கான்ட்ராக்டில் பங்கு இருக்கக் கூடாது. வழக்கு, சொத்து விவரம் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். பக்கத்துக் கிராம ஊராட்சியில் வார்டு மெம்பருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பேரூராட்சியில் உண்டு, கட்சிக்காரர் ஏ, பி படிவத்தோடு வருவார், சுயேச்சை தேர்தல் ஆணையம் கொடுக்கிற சின்னத்தோடு வருவார். முடிவு வந்த 30 நாளில் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் இதைத்தான் மறப்பார்கள். மறந்தால் தகுதி நீக்கம் வரை போகும்.

கயத்தாறுக்கு வரும் கட்சித் தலைவர்கள் நாற்கரச் சாலையில் வண்டியை நிறுத்தி, 1799 அக்டோபர் 16-இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் சிலைக்கு மாலை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வார்டு தெருவுக்குள் ஓட்டுக் கேட்டு நடக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. வாசலில் நிற்கும் பெரியம்மா, "தண்ணி என்னைக்கு வரும்னு சொல்லுய்யா, அப்புறம் நோட்டீஸ் குடு" என்பார். குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை: கேள்வி இந்த நாலுக்குள்தான். இதில் மெம்பர் தனியாக எதையும் செய்துவிட முடியாது என்பதை ஓட்டுக் கேட்கும்போது யாரும் சொல்வதில்லை. அவர் மன்றத்தில் கேட்கலாம், தீர்மானத்துக்கு ஓட்டுப் போடலாம், வரவு செலவைத் தட்டிக் கேட்கலாம். வேலையை நடத்துகிறவர் செயல் அலுவலர். அவர் அரசு ஊழியர்.

மெம்பரே இல்லாத காலத்தையும் ஊர் பார்த்துவிட்டது. 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தபின், நகர்ப்புற உள்ளாட்சிகளைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2022 மார்ச் 2 அன்றுதான் புதிய மெம்பர்கள் பதவியேற்றார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல், தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய்த் தட்ட ஒரு வீட்டுக் கதவு இல்லை.

இடங்களில் பாதி பெண்களுக்கு. அது பெரிய மாற்றம்தான். ஆனால் பல ஊர்களில் நோட்டீஸில் மனைவி படம் சின்னதாகவும் கணவர் படம் பெரிதாகவும் இருக்கிறது. ஜெயித்த பிறகு போனை எடுப்பதும் கணவர்தான். மனைவியை நிறுத்துகிறவர் மன்றக் கூட்டத்துக்கும் அவரையே அனுப்பட்டும்.

அடுத்த முறை உங்கள் வார்டில் ஓட்டுக் கேட்டு வருகிற அண்ணாச்சியிடமோ அக்காவிடமோ சாக்கடையைப் பற்றிக் கேளுங்கள், தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். கூடவே, தலைவர் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்றும் தெருவில் நாலு பேர் முன்னால் கேளுங்கள். மழுப்புகிறவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.