அடிக்காமல் அடக்க முடியுமா? போலீஸுக்கு ஜியு-ஜிட்சு ஏன் தேவை?

சனிக்கிழமை சாயங்காலம், மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வெளியே ஒருவர் போதையில் ரகளை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஆயுதம் இல்லை. ஆனால், பிடிக்கப் போனால் திமிறுகிறார். வந்திருப்பது இரண்டே காவலர்கள். சுற்றி நிற்பவர்கள் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள்.

பேசிப் பார்க்கலாம். எடுபடவில்லை என்றால்? அடுத்து கை போவது லத்திக்குத்தான். பேச்சுக்கும் லத்திக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது: வெறும் கையால், அடிக்காமல் ஆளை அடக்குவது. பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்றுத் தருவது அதைத்தான்.

அதென்ன ஜியு-ஜிட்சு?

ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அவர் வழியாகக் கற்ற கார்லோஸ் கிரேசியும் தம்பி ஹீலியோவும் வளர்த்தெடுத்த கலை இது. குத்து, உதைக்கு இதில் வேலை இல்லை. எதிராளியைத் தரைக்குக் கொண்டுபோய், உடல் எடையாலும் பிடியாலும் அசையவிடாமல் செய்ய வேண்டும். கபடியில் ரைடரை அமுக்கிப் பிடிப்போமே, கிட்டத்தட்ட அப்படி. ஆனால் இங்கே பிடிப்பது ஒரே ஆள்.

இன்னொரு விஷயம், இதில் ஒவ்வொரு வகுப்பிலும் நிஜமாகவே திமிறும் ஆளோடு பழக வேண்டும். அது பழகிவிட்டால் தெருவில் ஒருவர் திமிறும்போது பதற்றம் குறையும். பதற்றம் குறைந்தால் லத்தியும் சீக்கிரம் ஓங்காது.

எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மரியேட்டா என்ற நகரத்தின் காவல்துறை, 2019 முதல் புதிதாகச் சேரும் காவலர்களுக்கு ஜியு-ஜிட்சு வகுப்பைக் கட்டாயமாக்கியது. அந்தத் துறையின் சொந்தக் கணக்குப்படி, கைது நேரத்தில் காவலர்கள் காயமடைவது 48 சதவீதமும், டேசர் என்ற மின் அதிர்ச்சித் துப்பாக்கியின் பயன்பாடு 23 சதவீதமும் குறைந்தன. ஆனால், அது சிறிய காவல்துறை. ஒரே ஊரின் கணக்கை வைத்து எல்லா ஊருக்கும் முடிவு சொல்லிவிட முடியாது.

நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு, கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான வழிகளைப் பயன்படுத்தலாம் என்கிறது. தப்பிவிடாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 46-வது பிரிவு. அந்த 'தேவையான அளவு' எவ்வளவு என்பது புத்தகத்தில் படித்து வருவதல்ல, கை பழகி வருவது.

ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. இந்தக் கலையில் கழுத்தை நெரிக்கும் பிடிகளும் உண்டு. 2014-ல் நியூயார்க்கில் எரிக் கார்னர் இறந்தது போலீஸின் கழுத்துப் பிடியில். 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தது கழுத்தின் மேல் வைத்த முழங்காலில். குப்புறக் கிடப்பவரின் முதுகில் எடையை வைத்தாலும் மூச்சு முட்டும். அதனால் போலீஸ் பயிற்சியில் கழுத்துப் பிடியைத் தவிர்க்கணும். விலங்கு மாட்டியதும் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைப்பதையோ உட்கார வைப்பதையோ பழக்கணும்.

இது போதுமா?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. 1992-ல் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் நந்தகோபால் இறந்தார். 1993-ல் விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு சித்திரவதை செய்யப்பட்டார். 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படம் அவர் வழக்கைத் தழுவியது. இவர்கள் இருவரும் தெருவில் திமிறியபோது இறக்கவில்லை. ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தவர்கள். அங்கே குறைவாக இருந்தது பிடிக்கும் திறமை அல்ல.

லாக்கப் வன்முறைக்கு மருந்து வேறு: காவல் நிலையங்களில் உச்ச நீதிமன்றம் 2020-ல் கட்டாயமாக்கிய சிசிடிவி, கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனை, தவறு செய்தவருக்குத் தண்டனை. ஜியு-ஜிட்சு உதவுவது கைது நடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு. அந்த நிமிடங்களில் காவலரும் பிடிபடுபவரும் எலும்பு முறியாமல் வீடு திரும்பினாலே அது சின்ன விஷயம் இல்லை. ஆனால், ஸ்டேஷன் கதவுக்கு உள்ளே நடப்பதைக் கேட்பதை நாம் அதற்காக நிறுத்திவிட முடியாது.