வீட்டுத் தோட்டமும் பறிக்கும் பருவமும்

அண்மையில் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டின் கொல்லைப்புறம் நம் கண்ணைக் கவர்ந்தது. கிணற்றடி நீர் பாயும் இடத்தில் இருபது வெண்டைச் செடிகள் ஆள் உயரத்திற்கு வளர்ந்து நின்றன. வேலியில் பீர்க்கங்கொடி படர்ந்திருந்தது. அருகே சென்று பார்த்தபோது நம் மகிழ்ச்சி குறைந்தது. வெண்டைக்காய்கள் ஒரு சாண் நீளத்திற்கு முற்றி நாரேறிக் கிடந்தன. பீர்க்கங்காய்கள் காய்ந்து கூடாகத் தொங்கின. அதே வேளையில் அந்த வீட்டு அம்மையார் தெருவில் வந்த வண்டியில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டிருந்தார்!

"வீட்டிலேயே காய்த்திருக்கிறதே, அம்மா?" என்று கேட்டோம்.

"இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று விட்டேன், ஐயா. பார்ப்பதற்குள் முற்றிவிட்டது. இப்போது பூவும் நின்றுபோயிற்று" என்றார் அவர்.

அவருடைய தோட்டத்தில் விதைக்கோ, நீருக்கோ, உழைப்புக்கோ குறைவில்லை. பறிக்க வேண்டிய நாளில் பறிக்கவில்லை என்பது ஒன்றே குறை. நம் கிராமங்களில் வீட்டுத் தோட்டம் போடுவதில் காட்டும் ஊக்கத்தைப் பலர் பறிப்பதில் காட்டுவதில்லை. ஆகவே, விதைப்பது முதல் பறிப்பது வரை கவனிக்க வேண்டியவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வீட்டுக்கு எவ்வளவு காய்கறி வேண்டும்?

நாளொன்றுக்கு ஒருவர், கிழங்கு வகைகள் நீங்கலாக, காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ணவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு இது நாள்தோறும் 2 கிலோ ஆகும். கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பம் இவ்வளவையும் விலை கொடுத்து வாங்குவது எளிதன்று. விலை ஏறும் மாதங்களில் முதலில் குறைவது தாயின் தட்டிலும் குழந்தையின் தட்டிலும் உள்ள கறிதான்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோரின் நிலை இதுவே. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரைகளுக்குக் கீரை ஈடாகாது. அவற்றைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். ஆயினும், அன்றாடம் கீரையும் காயும் பழமும் உண்ணும் குடும்பத்தில் உடல் உரம் பெறும் என்பதில் ஐயமில்லை. இதற்கு வீட்டுத் தோட்டம் பெருந்துணை புரியும்.

இடமும் நீரும்

5 சென்ட் நிலம் இருந்தால், ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவையில் பெரும்பகுதியை அதில் விளைவித்துக்கொள்ளலாம். 1 சென்ட் மட்டுமே உள்ளவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. கீரை, வெண்டை, மிளகாய், பந்தலில் ஒரு கொடி, ஓரத்தில் ஒரு முருங்கை ஆகிய இவற்றிற்கு அதுவே போதும். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாக இருத்தல் அவசியம்.

மண்ணைக் கொத்தி, நன்கு மக்கிய தொழு உரம் இடவேண்டும். மக்காத சாணத்தை இட்டால் வேரைத் தின்னும் புழுக்கள் பெருகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் அழுகாதிருக்கப் பாத்தியை அரை அடி உயர்த்தி அமைப்பது நலம். ஆடும் கோழியும் நுழையாதபடி வேலி வேண்டும். பெயருக்கேற்ப ஆடு தொடாத ஆடாதொடையை வேலியாக நடலாம்.

பாத்திரம் கழுவிய நீரையும் குளித்த நீரையும் வாழைக்கும் சேம்புக்கும் விடலாம். பச்சையாக உண்ணும் காய்களுக்கும் கீரைக்கும் நல்ல நீரையே ஊற்றவேண்டும்.

விதைக்கும்போதே பறிப்பதை எண்ணுக

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் நம் தோட்டங்களுக்கு ஏற்றவை. வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை, பீர்க்கு, சுரை ஆகியவற்றை இவ்விரு பட்டங்களிலும் விதைக்கலாம். நாட்டு அவரையை ஆடியில் ஊன்றினால், பகல் பொழுது குறுகும் பனிக்காலத்தில் பூத்துக் காய்க்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நாற்றங்காலில் விட்டு, நான்கைந்து வாரத்தில் பிடுங்கி நடவேண்டும். கத்தரிக்குச் செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி தேவை. வெண்டைக்கு வரிசைகளுக்கிடையே ஒன்றரை அடியும், வரிசையில் செடிக்குச் செடி ஓரடியும் போதுமானவை.

கையிலுள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் விதைப்பது பலரும் செய்யும் பிழை. அவ்வாறு செய்தால் எல்லாம் ஒரே வாரத்தில் காய்த்து, தின்ன முடியாமல் முற்றும்; அடுத்த மாதம் பாத்தி வெறுமையாகக் கிடக்கும். வெண்டையில் பாதியை இன்றும், மீதியை மூன்று வாரம் கழித்தும் விதைக்கவேண்டும். கீரையைப் பத்து நாளுக்கு ஒருமுறை சிறு பாத்தியாகத் தூவி வரவேண்டும். அப்போது பறிப்பது சுமையாகாமல் நாள்தோறும் அடுப்பங்கரைக்கு ஒரு பிடி வந்து சேரும்.

செடியின் நோக்கம் வேறு

செடி நமக்காகக் காய்ப்பதில்லை. தன் இனம் பெருகவே பூத்துக் காய்க்கிறது. விதை முற்றத் தொடங்கியதும், தன் சத்து முழுவதையும் அந்த விதைக்குச் செலுத்தி, புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பிஞ்சாகவே பறித்து வந்தால், விதை உண்டாகாத குறையைத் தீர்க்க மீண்டும் மீண்டும் பூக்கிறது. நாம் முதலில் குறிப்பிட்ட அம்மையாரின் செடிகளில் பூ நின்றுபோனது இதனாலேதான். ஒரு காயைப் பெரிதாக்க விட்டு, பின்னே வரவிருந்த பத்துக் காயை இழந்தார்.

எந்தக் காயை எப்போது பறிப்பது?

வெண்டை: விதைத்த 45 நாளில் முதல் காய் கிடைக்கும். பூ மலர்ந்து ஐந்து அல்லது ஆறு நாளில் காய் பதமாகிவிடும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு நாள் தவறாமல் பறிக்கவேண்டும். நுனியை ஒடித்தால் 'படக்'கென்று ஒடிவது பிஞ்சு, வளைவது முற்றல்.

கத்தரி: நட்ட இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை காம்போடு அறுத்தெடுக்கவேண்டும். தோல் பளபளப்பாக இருக்கும்போதே பறிப்பது நலம். பளபளப்பு மங்கினால் உள்ளே விதை கடினப்பட்டுவிட்டது என்று அறிக.

தக்காளி: வீட்டுக்கு வேண்டியதைச் செடியிலேயே நன்கு சிவக்கவிட்டுப் பறிக்கலாம். அணிலும் பறவையும் தொல்லை தந்தால், நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து நிழலில் வைத்தால் பழுத்துவிடும்.

மிளகாய்: முதல் இரண்டு பறிப்பைப் பச்சையாக எடுத்துவிட்டால், செடி கிளைத்து மேலும் காய்க்கும். பிறகு சிவக்கவிட்டு உலர்த்திக்கொள்ளலாம்.

கொடிக் காய்கள்: சுரைக்காயின் தோலில் நகம் எளிதில் இறங்கவேண்டும். பீர்க்கங்காயையும் புடலங்காயையும் நார் பிடிக்குமுன் எடுக்கவேண்டும். பூசணிக்கு முறை வேறு. குழம்புக்குப் பிஞ்சாகவும் எடுக்கலாம்; சேமித்து வைப்பதற்கு, காம்பு காய்ந்து பழுப்பான பிறகே, சிறிது காம்போடு அறுக்கவேண்டும். அவ்வாறு அறுத்த காய், காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் சில மாதம் கெடாமல் இருக்கும்.

கொடியில் பூ நிறைய இருந்தும் காய் பிடிக்கவில்லையென்றால், சிலர் கண்ணேறு என்பர். உண்மை அதுவன்று. இக்கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே உண்டாகின்றன. தொடக்கத்தில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அடியில் சிறு பிஞ்சோடு மலர்வது பெண் பூ. தேனீ வராவிடில், ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவவேண்டும். பூசணிக்குக் காலையிலும், மாலையில் மலரும் சுரைக்கும் பீர்க்குக்கும் அந்தியிலும் இதைச் செய்யலாம்.

கீரை: முளைக்கீரையையும் சிறுகீரையையும் விதைத்த மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கிவிடலாம். அரைக்கீரையை அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். பல மாதம் அறுத்து உண்ணலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்-1 செடிமுருங்கை, விதைத்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் பெருகி, கீரையும் காயும் கைக்கெட்டும் உயரத்தில் கிடைக்கும்.

பறித்த பின்னர்

காலையில் வெயில் ஏறுமுன் பறிப்பது சிறந்தது. பறித்ததை நிழலில் வைக்கவேண்டும். வாடிய கீரையில் உயிர்ச்சத்து குறைந்துபோகும். கழுவிய பிறகு நறுக்குவதே முறை. நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால், அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும்.

நாள்தோறும் பறிக்கப்படும் தோட்டத்தில் நச்சு மருந்து தெளிப்பது தகாது. இன்று தெளித்து நாளை உண்பது குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதிச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்தால் பல பூச்சிகள் கட்டுப்படும். கத்தரியில் வாடித் தொங்கும் நுனித்தண்டுக்குள் புழு இருக்கும். அதைக் கிள்ளி எரித்துவிட வேண்டும்.

எல்லாக் காயையும் பறித்துவிடவும் கூடாது. நோயற்ற நல்ல செடி ஒன்றைத் தேர்ந்து, அதில் இரண்டு மூன்று காய்களை நூல் கட்டி அடையாளமிட்டு விதைக்கென முற்ற விடவேண்டும். வீரிய ஒட்டு ரகங்களின் விதை தாய்ச்செடியைப் போல் வராது. நாட்டு ரகங்களையே இவ்வாறு சேமிக்கலாம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

தனித்தனியே ஐந்து கத்தரி நாற்றுக்காக நாற்றங்கால் விடுவது ஒவ்வொரு வீட்டுக்கும் சிரமம். ஊருக்குப் பொதுவாக ஒரு நாற்றங்காலை மகளிர் சுய உதவிக் குழுவிடம் ஒப்படைத்தால், அந்தச் சிரமம் நீங்கும். குழுவுக்கும் சிறு வருவாய் கிட்டும். பொதுக் குழாயடியில் தேங்கிக் கொசு வளர்க்கும் நீரை அங்கன்வாடித் தோட்டத்து வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பலாம். பள்ளித் தோட்டம் போடுமுன், காய்க்கும் மாதம் விடுமுறையில் விழுமா என்று பார்த்து, விடுமுறையில் பறிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும். மே 1ஆம் நாள் கூடும் கிராம சபையில் இவற்றைப் பேசி முடிவு செய்தால், ஆடிப்பட்டத்திற்கு முன் விதையும் நாற்றும் ஆயத்தமாகிவிடும்.

விதைக்க ஒரு நாள் போதும். பறிப்பதற்கோ நாள்தோறும் கால் மணி நேரம் வேண்டும். காலையில் கூடையோடு தோட்டத்தைச் சுற்றிவரும் பழக்கம் வீட்டில் ஒருவருக்கேனும் இருக்குமானால், அவ்வீட்டுத் தோட்டம் காய்ப்பதை நிறுத்தாது. அந்தப் பொறுப்பைச் சிறுவர் சிறுமியரிடம் கொடுத்துப் பாருங்கள். தம் கையால் பறித்த காயைத் தட்டில் ஒதுக்கிவைக்கும் பிள்ளைகளை நாம் அதிகம் கண்டதில்லை.